பூட்டுக்காரர் வீட்டுத் தாழ்ப்பாள்

எந்தப் பூட்டையும் ஐந்தே நிமிடத்தில் திறந்துவிடுவார் என்று பேர் வாங்கிய அந்தப் பூட்டுக்காரர் வீட்டில், ஒரு கதவுக்குக்கூட உள்தாழ்ப்பாள் கிடையாது. குளியலறைக்கும் கிடையாது. கைப்பிடியில் துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருப்பதாக அர்த்தம். விருந்தாளிகள் இரண்டாம் நாளே ஏதாவது சாக்குச் சொல்லி மூட்டையைக் கட்டிவிடுவார்கள். "ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டுறவருக்கு வீட்டுல மாட்ட நேரமில்ல" என்று மனைவி சிரித்துச் சமாளிப்பார். கதவு மூடினால் இவருக்கு ஒத்துக்காது என்பது வரைதான் அவருக்கும் தெரியும். மேற்கொண்டு கேட்டால் மனிதர் எழுந்து கடைக்குப் போய்விடுவார்.

விஷயம் இதுதான். எட்டு வயதில் பெற்றோரை இழந்து பெரியப்பா வீட்டில் வளர்ந்தவர் அவர். பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் பிள்ளையைச் சாமான் அறையில் தள்ளி வெளியே பூட்டிவிடுவார். காலையில் பூட்டினால் சில நாள் சாயங்காலம்தான் திறப்பார். இந்தப் பிள்ளை பெரியவனாகி ஏன் பூட்டுத் திறக்கும் தொழிலுக்கு வந்தான் என்று நான் வேறு விளக்க வேண்டுமா?

இந்த வருஷம் மகளுக்குப் பதிமூன்று முடிந்தது. விடுமுறைக்குச் சித்தி பிள்ளைகள் நாலு பேர் வந்து தங்கப்போகிறார்கள் என்றதும் அவள் நேராக அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, என் ரூமுக்குத் தாழ்ப்பாள் வேணும். துண்டெல்லாம் சரிப்படாது. நான் டிரஸ் மாத்தும்போது யாராவது கதவைத் தள்ளினா என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. கடையிலிருந்து நல்லதாக ஒன்று எடுத்து வந்து, கதவில் பென்சிலால் குறியும் போட்டார். அதற்கு மேல் துளை போட முடியவில்லை. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். மகள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. மேசையைத் தரதரவென்று இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அந்தச் சத்தம் அவரை உலுக்கிவிட்டது. தன் பயம் கடைசியில் பிள்ளை தலையில் விடிந்துவிட்டதே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் மதியம், கடையில் ஆளில்லாத நேரம், போனை எடுத்து "கதவு மூடினால் மூச்சு முட்டுகிறது" என்று தேடினார். சமையலறைக்கு எந்த எக்ஸாஸ்ட் ஃபேன் நல்லது என்று வரிசையாகப் பதில் வந்தது. தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினார்: "சின்ன வயதில் என்னை அறையில் பூட்டி வைத்தார்கள்." முப்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாத வாக்கியம். எழுதி முடித்ததும் கண் நிறைந்துவிட்டது.

இப்போது வேறு பக்கங்கள் வந்தன. ஏழே நாளில் மனக்காயம் மறையும் என்றது ஒன்று. யாராலும் உடைக்க முடியாது என்று அட்டையில் போட்டு வரும் பூட்டுதான் முதலில் வாயைப் பிளக்கும் என்பது அவர் அனுபவம்; தள்ளிவிட்டார். இன்னொன்று படிப்பதற்கு முன்பே போன் நம்பர் கேட்டது. மூன்றாவது சாதுவான பக்கம். எழுதியவர்களின் பெயரும் படிப்பும் இருந்தன, கடைசியாகத் திருத்திய தேதி இருந்தது, அவசரத்துக்கு அழைக்க ஒரு எண் இருந்தது. 'இது சிகிச்சைக்கு மாற்று அல்ல' என்று வேறு ஒப்புக்கொண்டது. தன்னால் ஆகாததைச் சொல்கிறவனை நம்பலாம் என்று உட்கார்ந்து படித்தார். பயம் கோழைத்தனமல்ல, உடம்பு கற்றுக்கொண்ட பாடம். பூட்டி வைக்கப்பட்டது அந்தப் பிள்ளையின் தப்பே அல்ல என்று எழுதியிருந்தது. அந்த வரியை நாலு தடவை படித்தார்.

வீட்டுக்கு வந்து, தான் தேடிய வாக்கியத்தையும் அந்தப் பக்கத்தையும் போனில் மனைவியிடம் காட்டினார். அவர் படித்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா தனியாவா சுமந்தீங்க? உங்க பெரியப்பா மட்டும் இப்ப உயிரோட இருக்கணும்!"

அந்தப் பக்கத்தின் வழியாகவே ஓர் ஆலோசகர் கிடைத்தார். வாரம் ஒரு முறை வீடியோவில் பேச்சு. கதவை முதலில் ஒரு சாண் திறந்து வைத்து உட்கார வேண்டும், பிறகு நாலு விரல், பிறகு ஒரு விரல். மூன்றாம் வாரமே நம்மவருக்குத் தெம்பு வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் குளியலறைக்குத் தாழ்ப்பாள் மாட்டி உள்ளே போய்ப் போட்டுக்கொண்டார். அரை நிமிடம் தாங்கவில்லை. தாழ்ப்பாளை இழுக்கத் தோன்றாமல் தோளால் கதவை இடித்துப் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்தார். ஐந்து நிமிடப் புலி, தான் மாட்டியதைத் தானே உடைத்த கதையை ஆலோசகரிடம் சொல்லி அசடு வழிந்தார்.

"உங்களை யாரு சார் ஓடச் சொன்னது? நடந்தா போதும். மறுபடி நாலு விரல்லேருந்து ஆரம்பிப்போம்."

ஆரம்பித்தார். விட்டுவிடாமல் உட்கார்ந்தார்.

சித்தி பிள்ளைகள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில் கருவிப் பையோடு மகள் அறைக்குப் போனார். பழைய பென்சில் குறியிலேயே துளை போட்டார், திருகினார். இந்தத் தடவை பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போகவில்லை.

"நான்தான் முதல்ல சோதிச்சுப் பார்ப்பேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. வெளியே மனைவி முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் ஆயிற்று. மகளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா! முடிஞ்சுதா இல்லையா?"

"இரு கண்ணு. ஜன்னல் காத்து நல்லா வருது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வரேன்."

"அப்பா, அது என் ரூம்!"

உள்ளே பூட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.