டெமோவுக்குப் போன இடத்தில் என் குரல்

விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்க வேண்டுமென்றால் கையில் ஒரு டெமோ பதிவு இருக்க வேண்டுமாம். இன்று காலை வில்லாபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

ஒலிப்பதிவாளர் ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு வீட்டுமனை விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார். "அண்ணே, இதே மாதிரி பேசுங்க. இப்ப எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க."

கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது என் குரல். வாக்கிய முடிவில் மூச்சை இழுக்கும் என் பழக்கம்கூட அதில் இருந்தது. அதைச் சொல்லித்தான் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் எனக்குப் பரிசு தராமல் விட்டார்கள்.

ஆனால் அந்த விளம்பரத்தை நான் பேசவே இல்லை.

"அது கம்ப்யூட்டர் பேசுறதுண்ணே" என்றார்.

போன வருடம் ஒரு கம்பெனி, தேர்வு என்று சொல்லி என்னை நாற்பது பக்கம் வாசிக்க வைத்தது. அப்புறம் போனையே எடுக்கவில்லை. எதற்கு வாசிக்க வைத்தார்கள் என்று இன்றுதான் புரிந்தது.

அதே விளம்பரத்தை நானும் வாசித்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"கிட்டத்துல வந்துட்டீங்கண்ணே. ஆனா அந்தாளு அளவுக்கு இல்ல."

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்புதான். நாளை அந்தக் குரல் யாருக்குப் போன் போட்டு என்ன பேசுமோ?

நண்பர்களே, என் குரலில் யாராவது சிரித்துப் பேசி, பணிவாக நலம் விசாரித்தால் உடனே வைத்துவிடுங்கள். அது நானில்லை என்று உங்களுக்கே தெரியும்தானே?