உறைந்த திரை

வெர்ன் லிண்ட்க்விஸ்ட் எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் கணினிப் பொறுப்பாளர். அடிக்கடி தேடும் முகவரிகள் சேர்ந்துகிடக்கும் தற்காலிக நினைவகத்தைத் திங்கள்தோறும் காலி செய்வார். முகவரி தேடும் வேகம் போதவில்லை என்று நாங்கள்தான் நச்சரித்தோம். அவரும் அந்த நினைவகத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினார்.

அடுத்த திங்களன்று அது காலியாகி முடியும்வரை எல்லாத் திரைகளும் நாற்பது வினாடி உறைந்து நின்றன. அந்நேரம் மூச்சுத் திணறிக் கூப்பிட்ட பெண் இறந்துபோனாள். அந்த நாற்பது வினாடிதான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பிறகு வெர்ன், கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்து இடையிடையே மற்ற வேலைகளுக்கு வழிவிடும்படி மாற்றினார். திரைகள் மறுபடி உறையவே இல்லை.

“பிரமாதம் வெர்ன்! எத்தன நாள் புடிச்சுது?” என்று மேலாளர் டெனிஸ் அவர் முதுகில் தட்டினாள்.

“ஒரே ஒரு மத்தியானம்தான், டெனிஸ். அந்தத் திங்களுக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாம்.”