வலது பக்கத்து ஆட்டக்காரி

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பர்மா பஜாரில் வாங்கிவந்த டான்ஸ் மேட்டின் குறை நிறைகளை இன்று கேட்டாலும் நான் பக்கம் பக்கமாகச் சொல்வேன். டிவியில் ஒயரைச் செருகினால் போதும், ஆளுக்கொரு மேட்டில் இரண்டு பேர் ஆடலாம். திரையில் அம்புகள் ஏறிவரும். பாட்டின் தாளத்துக்கு மேட்டில் அதே அம்பை மிதிக்க வேண்டும். சரியாக மிதித்தால் 'பெர்ஃபெக்ட்' என்று மின்னும், தவறினால் 'மிஸ்'. ஆடத் தெரியாதவர்களை அது கேலி செய்யாது. ஆனால் அதைச் செய்த புண்ணியவான் கடலோர வீடுகளை நினைத்துப் பார்க்கவில்லை. கல்மண்டபத்தில் எங்கள் வீட்டுச் சுவரே வியர்க்கும்.

இடது மேட் எனக்கு, வலது மேட் அக்காவுக்கு. கேலி செய்யும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாள். ஆடி முடித்ததும் என் மதிப்பெண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அக்கா இறந்துபோனாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தபிறகுதான் டிவி போட அப்பா விட்டார். அப்போதும் வருஷம் திரும்பும்வரை பாட்டுச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. துக்க வீட்டு வழக்கம் அது. நான் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, பழக்கத்தில் இரண்டு மேட்டையும் விரித்து, இருவர் ஆட்டத்தையே போட்டேன். பிளாஸ்டிக்கில் என் கால் படும் சத்தம் மட்டும் கேட்டது.

வலது பக்கத்தில் 'மிஸ்', 'மிஸ்' என்று வந்துகொண்டிருந்தது. திடீரென்று 'பெர்ஃபெக்ட்' வந்தது. திரும்பிப் பார்த்தேன், அந்த மேட்டில் யாருமில்லை. அடுத்த அம்புக்கும் வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. நான் குதித்தால் அதுவும் கூடவே மிதித்தது. நான் மேட்டை விட்டு இறங்கி நின்றேன்.

அக்கா போனதிலிருந்து அம்மா யாரோடும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அன்று அடுப்படியிலிருந்து வந்தவள் திரையைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன் நின்னுட்ட? ஆடு கண்ணு. அவ ஆடிகினு கீறா பாரு."

அன்று முதல் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆட வேண்டும். அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வலது பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். சில நாள் லேசாகச் சிரிப்பாள். எனக்குப் பக்கத்து மேட்டைப் பார்க்கவே பயம். செத்த பிறகும் அக்காவைத்தான் பார்க்கிறாள் என்ற ஆத்திரமும் இருந்தது.

அப்பா மிரண்டுபோய் மாமாவை வரவழைத்தார்.

"உங்கக்கா போற போக்கு சரியில்ல மச்சான். இது இன்னான்னு பாரு."

துறைமுகத்தில் மின்சார வேலை பார்த்த மாமா, வலது மேட்டின் ஓரத்தைப் பிரித்து உள்ளே விரலை விட்டார். நனைந்து வந்த விரலை அப்பாவிடம் காட்டினார்.

"ஈரம் பூந்துகீது மாமா. இவ குதிக்கிற குதியில உள்ள கீற தகடு ரெண்டும் ஒட்டிக்குது. பேயுமில்ல, பிசாசுமில்ல. இனிமே தரை ஈரமா இருந்தா விரிக்காதீங்க."

அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

மேட்டை மாடியில் வெயிலில் காயவைத்து ஒட்டிக் கொடுத்தார் மாமா. மறுநாள் வலது பக்கத்தில் 'மிஸ்' தவிர எதுவும் வரவில்லை. எனக்கு உயிர் வந்தது. அம்மா ஆட்டம் முடியும்வரை பார்த்தாள். தட்டில் இருந்ததைத் தொடவில்லை.

அதற்கடுத்த நாள் நான் வந்தபோது அம்மா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்ற இடமெல்லாம் பிழிந்த துணி. டிவிக்கு முன்னால் மட்டும் வாளியில் முக்கிய துணியை அப்படியே போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் காய்வதற்குள் வலது மேட்டை எடுத்து, ஓரத்தை நகத்தால் நெம்பிவிட்டு, அதன்மேல் விரித்தாள்.

"தரை காயட்டும்மா. மாமா இன்னா சொன்னாரு? திரும்பக் கெட்டுடும்."

"காயும் காயும். நீ ஆடு."

அன்று அம்மா சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். அம்மாவுக்கு ஒரு தரையைக்கூட ஒழுங்காகத் துடைக்கத் தெரியவில்லை என்று நான் அப்பாவிடம் புகார் சொன்னேன்.