பின்னால் கேட்ட ‘லெஃப்ட்’

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. ரொறன்ரோவில், ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஓடைக்கரையோடு ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. வாகனம் நிறுத்தும் இடத்தில் தொடங்கி, ஓடையைத் தொட்டுக்கொண்டு போய், ஆள் உயரப் புல்வெளியில் ஏறி, மேப்பிள் மரக்காட்டுக்குள் புகுந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் வட்டப் பாதை. அழகான இடம்தான். ஆனால் அந்தக் கோடை முழுவதும் அந்த அழகைப் பார்க்க ஒருவரும் என்னை விடவில்லை.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒற்றைப் பையோடு இந்த நாட்டுக்கு வந்து, கோப்பை கழுவி, சமையல்காரனாகி, கடைசியில் ஸ்காபரோவில் சொந்தமாகவே உணவகம் நடத்தினேன். மூன்று பிள்ளைகளும் பட்டதாரிகள். ஆங்கிலம் எனக்கு அடுப்படியில் வந்தது. அதை வைத்தே வங்கிக்காரரையும், சமையலறையைச் சோதிக்க வரும் அதிகாரிகளையும் சமாளித்தேன். என்னோடு வந்த படித்தவர்கள் பலர் என்னிடம் வேலை கேட்டு வந்ததும் உண்டு.

உடம்பில் சீனி கூடிவிட்டது, தினமும் சைக்கிள் ஓடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஓடினேன். பிடித்தது சனி.

நான் பாட்டுக்கு வலப்பக்கமாகப் போவேன். அதுதான் இந்த நாட்டுச் சட்டம். இத்தனை வருடம் வான் ஓட்டி ஒரு தண்டச்சீட்டும் வாங்காதவனுக்கு அது தெரியாதா? ஆனால் உடம்போடு ஒட்டிய உடுப்புப் போட்ட யாராவது ஒருவர் பின்னால் வந்து, “ஒன் யுவர் லெஃப்ட்!” என்று கத்துவார். லெஃப்டுக்குப் போகச் சொல்கிறாராக்கும் என்று நானும் பெரிய மனது பண்ணி இடப்பக்கம் விலகுவேன். உடனே பிரேக் கிரீச்சிடும். ஏதோ சொல்லித் திட்டிவிட்டுப் போவார்கள். ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்தி இறங்கி, இரண்டு கையையும் வீசி வீசி ஒரு பிரசங்கமே வைத்தார். சொல்வதும் இவர்கள்தான், சொன்னபடி செய்தால் முறைப்பதும் இவர்கள்தான். நான் எந்தப் பக்கம் போனாலும் இவர்களுக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டினேன்.

மனைவியிடம் தினமும் இதே புலம்பல்தான். ஒருநாள் அவருக்கும் அலுத்துவிட்டது.

“பிள்ளையளிட்ட ஒருக்காக் கேளுங்கோவன், உது என்னெண்டு.”

“என்னத்தைக் கேக்கிறது? லெஃப்ட் எண்டால் லெஃப்ட். எனக்குத் தெரியாத இங்கிலீசோ?”

அந்தச் சனிக்கிழமை பாதி வழிக்குள்ளேயே மூன்று பேர் கத்திவிட்டார்கள். கொதித்துப்போய் இருந்தேன். மரக்காடு முடிந்து மறுபடியும் ஓடைப் பக்கம் இறங்குகிற இடத்தில் பாதை ஒடுங்கும். இடப்பக்கம் சரிவு, கீழே தண்ணீரும் கல்லும். சரியாக அந்த இடத்தில் பின்னால் ஒரு பெண் குரல். “ஒன் யுவர் லெஃப்ட்!”

இந்தா பிடி உன்ர லெஃப்டை என்று ஹாண்டிலை ஒரே வெட்டாக இடப்பக்கம் வெட்டினேன்.

என் சைக்கிளின் பின்சில்லில் ஏதோ உரசியது. நான் காலை ஊன்றித் தப்பிவிட்டேன். திரும்பிப் பார்த்தால், ஒரு இளம் பெண் சைக்கிளோடு புல்லில் விழுந்து கிடக்கிறார். அந்தச் சைக்கிளின் பின்னால் கட்டி இழுத்து வந்த, சின்னக் கூடாரம் போன்ற இரண்டு சில்லு வண்டி சரிவில் பக்கவாட்டாகச் சாய்ந்து, ஒரு பற்றைச் செடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. குழந்தையை வைத்து இழுக்கிற வண்டி அது.

உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை.

அந்தப் பெண் தவழ்ந்துபோய் வண்டியின் வலை மறைப்பைத் திறந்தார். இரண்டு வயது இருக்கும் அந்தப் பெண்குழந்தைக்கு. தலையில் ஹெல்மெட்டோடு, இருக்கைப் பட்டியில் தொங்கியபடி, கண்ணை அகல விழித்துக்கொண்டு இருந்தது. பிறகு வீறிட்டு அழுதது. அப்பாடா!

குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை என்று தெரிந்ததும் தாய் என் பக்கம் திரும்பினார். முழங்காலில் இரத்தம். ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கமாக எனக்குத் தமிழ்தான் வாயில் வந்தது.

“லெஃப்டுக்குப் போ எண்டு நீர்தானே சொன்னனீர், போனன்! பிறகேன் அதே பக்கத்தால வந்தனீர்?”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

“அங்கிள், நீங்கள் தமிழோ? ஐயோ, அது உங்களைப் போகச் சொல்லுறது இல்லை. நான் உங்கட லெஃப்ட் சைட்டால வாறன், நீங்கள் அசையாமல் ஸ்ட்ரெயிட்டாப் போங்கோ எண்டு சொல்லுறது.”

எனக்குத் தலையில் யாரோ அடித்தது போல இருந்தது. சமையலறையில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியோடு ஒருவருக்குப் பின்னால் போகும்போது நானே “பிஹைண்ட்!” என்று கத்துவேன். பின்னால் நிற்கிறேன், அசையாதே என்று அதற்குப் பொருள். புதிதாக வந்த ஒருவன், பின்னால் வரச் சொல்கிறேன் என்று நினைத்துப் பின்னுக்கு வந்தபோது, அவனை மடையன் என்று எத்தனை பேருக்கு முன்னால் திட்டினேன்!

“எனக்கு முதல் எத்தினை பேரை விழுத்தினீங்கள்?” என்றார் அந்தப் பெண், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே. 

“விழுத்தேல்லை. பேச்சு மட்டும்தான் வாங்கினனான்.”

“கனடாக்கு வந்து எத்தினை வருசம்?”

“முப்பத்தி நாலு.”

“ஒருத்தரும் சொல்லித் தரேல்லையா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தக் கிழவர் கையை வீசி வீசிச் சொன்னது அப்போதுதான் விளங்கியது.

“நான் ஒருத்தரையும் கேக்கேல்லை, பிள்ளை.”

வண்டியை நிமிர்த்தி, என் சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு, அவரது சைக்கிளோடு வாகனம் நிறுத்தும் இடம்வரை நானே தள்ளிக்கொண்டு போனேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழும்பித் தேத்தண்ணி ஊற்றப் போனார். ஏசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

இப்போதும் அந்தப் பாதையில் போகிறேன். குரல் கேட்டால் கை தானாக இடப்பக்கம் இழுக்கும். அடக்கிக்கொண்டு நேராகப் போகிறேன். விளங்காததை விளங்கவில்லை என்று கடைக்காரரிடமும் பேரப்பிள்ளையிடமும் சொல்ல இந்த வயதில் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தை அழத் தொடங்குவதற்கு முன் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்த அந்தச் சில நொடிகளை நினைத்தால், வாய் தானாகக் கேட்டுவிடுகிறது.