செவலைக்கும் எனக்கும் ஒரு சேணம்

இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அது இடது காலைவிடக் குட்டை. கைத்தடி ஊன்றி நடந்தாலும் வலப்பக்கம் இறங்கி ஏறுவேன். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள், அலுவலகத்தில் வைக்கவில்லை, அல்லது என் காதில் விழாமல் வைத்திருக்கிறார்கள். அரசு அலுவலகம் ஒன்றில் கட்டட வரைபடம் போடுகிற வேலை. லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் தனியாக இருக்கிறேன். பின்னால் கூடுதலாக இரண்டு சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர்தான் எனக்கு வண்டி.

குதிரையேற்றத்துக்கு நான் போனது நாற்பத்தெட்டு வயதில். தவளக்குப்பத்தைத் தாண்டி, கடற்கரைக்குப் போகிற வழியில், சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு லாயம் இருக்கிறது. அலுவலகத் தோழி ஒருத்தி தன் மகளைச் சேர்த்துவிடப் போனபோது கூடப் போனேன். அந்தப் பெண் இரண்டே வாரத்தில் பயந்து நின்றுவிட்டாள். நான் மூன்று வருடம் போனேன்.

லாயத்தின் உரிமையாளர் பிரான்சில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றுத் திரும்பியவர். வெளுத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. என்னை 'மதாம்' என்று கூப்பிடுவார். முதல் நாள் என் காலைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல நின்றார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். சிமெண்டுக் கற்களை அடுக்கி எனக்கு ஒரு மேடை கட்டிக் கொடுத்தார். இடது காலை அங்கவடியில் வைத்து நான் எழும்பும்போது, வலது காலை அவர் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும்.

எனக்குக் கொடுத்தது ஒரு செவலைப் பெண் குதிரை. தோள் அகலம், நடை நிதானம். அது நான்கு கால்களையும் ஒரே சீராக வைத்து நடந்தது. மேலே உட்கார்ந்திருந்த என் இடுப்பு அதோடு முன்னும் பின்னும் போனது. நாற்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக நான் நொண்டாமல் நகர்ந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது மாதம் செவலையின் முதுகில் புண் வந்தது. இடப்பக்கம், தோளுக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்கை அளவு முடி கொட்டித் தோல் வழன்றிருந்தது. மஞ்சள் களிம்பைத் தடவிக்கொண்டே குதிரைக்காரர் சொன்னார்:

"மேடம் ஒரு பக்கமா சாய்றாங்க சார். வெயிட்டு பூரா எடது பக்கம் எறங்குது. அதான்."

பக்கத்தில் பெங்களூரில் இருந்து வந்த ஒரு குடும்பம் நின்றிருந்தது. உரிமையாளர் என் பக்கம் திரும்பாமல், "கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுப்போம் மதாம்," என்றார். குதிரைக்கா எனக்கா என்று அவர் சொல்லவில்லை.

நான் உடனே நம்பிவிட்டேன். என் காலால்தான் என்று யார் எதைச் சொன்னாலும் நம்பிப் பழகியவள் நான். ஏறுவதை நிறுத்தினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டர் தானாகவே கடலூர் ரோட்டுக்குத் திரும்பியது. ஒரு கட்டு கேரட் வாங்கிக்கொண்டு போய், சவுக்கு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். புண் ஆறியதும் செவலையை மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். நேராக உட்காரத் தெரிந்தவர்கள் என்று அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஒரு நாள் ஒரு கல்லூரிப் பையன் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினான். நல்ல உடம்பு, நிமிர்ந்த முதுகு. குதிரைக்காரர் சேணத்தைக் கழற்றினார். செவலையின் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்து கறுத்திருந்தது, தோளுக்குப் பின்னால் இரண்டு இடத்தைத் தவிர. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் காய்ந்து கிடந்தன. நான் எழுந்து போய் விரலால் அழுத்தினேன். செவலை முதுகைக் கீழே வளைத்துக் காதுகளைப் பின்னுக்கு மடித்தது. வலப்பக்கமும் அழுத்தினேன். அதேதான்.

வீட்டுக்கு வந்து கைப்பேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். சேணம் மிகவும் இறுக்கி அழுத்துகிற இடத்தில் வியர்வையே வராதாம். சேணத்துக்குள்ளே இருக்கிற மரச்சட்டம் குதிரையின் தோளைவிடக் குறுகலாக இருந்தால் அப்படி நடக்குமாம். சட்டத்துக்கு என் கால் எது என்று தெரியாது. யார் ஏறினாலும் இரண்டு பக்கமும் அது கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இடப்பக்கம் முதலில் தோலுரிந்தது மட்டும்தான் என் பங்கு.

அடுத்த வாரம் உரிமையாளரிடம் சொன்னேன்.

"சார், அந்த சேணம் அதுக்கு சின்னது. யார் ஏறினாலும் புண்ணாகும்."

"அது பிரான்ஸ்லேர்ந்து நான் கொண்டாந்த செல், மதாம்." சேணத்தை அவர் பிரெஞ்சு வழக்கப்படி செல் என்றுதான் சொல்வார். "எவ்ளோ குதிர பாத்திருக்கு அது. ஒண்ணும் ஆனதில்ல."

"இந்தக் குதிரைக்கு ஆகுதே சார்."

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "உங்களுக்குத் திருப்தி இல்லன்னா, நீங்களே ஒண்ணு வாங்கிப் போட்டுக்கங்க. நான் வேணாங்கல."

வாங்கிப் போட்டேன். அலுவலகத்தில் வளைவுக் கோடு போட ஒரு ரப்பர் கோல் வைத்திருக்கிறோம். எப்படி வளைக்கிறோமோ அப்படியே நிற்கும். அதைச் செவலையின் முதுகில் தோளுக்குப் பின்னால் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று பதிய வைத்து, தாளில் வரைந்து, கான்பூரில் சேணம் தைக்கிற ஒரு பட்டறைக்கு அனுப்பினேன். என் தொடை அளவையும் கேட்டார்கள். இரண்டு அளவு எழுதினேன். பட்டறைக்காரர் போன் செய்தார். எனக்கு இந்தி வராது. தோழிதான் பேசினாள்.

"ரெண்டு அளவு எழுதியிருக்காங்களே, எது கரெக்ட்டுன்னு கேக்குறாரு."

"ரெண்டும் கரெக்ட்டுன்னு சொல்லு."

முதலில் வந்த சேணம் சரியில்லை. முன்னாலும் பின்னாலும் முதுகைத் தொட்டது, நடுவில் என் கை தாராளமாக நுழைந்தது. செவலையின் முதுகு நடுவில் சற்றுப் பள்ளம், அதை நான் சரியாகக் காட்டவில்லை. நீளவாக்கிலும் ஒரு கோடு எடுத்து, சேணத்தோடு திருப்பி அனுப்பினேன். மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தது.

வைத்ததும் தெரிந்தது. சேணம் அசையாமல் அமர்ந்தது. உள்ளே கையை விட்டு முன்னிருந்து பின்வரை தடவினேன், எங்கும் ஒரே அழுத்தம். வயிற்று வாரைக் கட்டும்போது செவலை எப்போதும் கடிக்கத் திரும்பும், அன்றைக்குத் திரும்பவில்லை. வலது பக்கம் தொடைக்கு முன்னால் ஒரு தடித்த மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். என் சூம்பிய தொடை அதில் போய்ப் பொருந்திக்கொண்டது. நான் அதைப் பிடித்துவைக்க வேண்டியதே இல்லை. இறங்கிய பிறகு முதுகைப் பார்த்தேன். முழுக்க ஒரே ஈரம்.

குதிரைக்காரர் தலையைச் சொறிந்தார். "நான் தப்பா சொல்லிட்டன் மேடம்," என்றார். உரிமையாளரும் செவலைக்கு இனி என் சேணத்தையே போடச் சொன்னார்.

ஏழெட்டு மாதம் நன்றாகப் போயிற்று. செவலையின் பழைய புண் இருந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்தது. நாங்கள் ஓடவும் கற்றுக்கொண்டோம். ஒரு காலையில் உரிமையாளர் கைப்பேசியோடு வந்து நின்றார்.

"பிரமாதமா ஓட்றீங்க மதாம். ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?"

என்னை அதுவரை யாரும் நடக்கிற மாதிரிகூட வீடியோ எடுத்ததில்லை. திருமண வீடுகளில் கேமரா வந்தால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அன்று துப்பட்டாவைச் சரியாகக் கட்டிக்கொண்டு இரண்டு சுற்று ஓட்டினேன். குதிரைக்காரர் என்னை இறக்கி, கைத்தடியை எடுத்துக் கொடுப்பதுவரை உரிமையாளர் வீடியோவை நிறுத்தவில்லை. அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

அதற்கடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். செவலையின் இடம் கழுவி விட்டிருந்தது. குதிரைக்காரர் என்னைப் பார்க்காமல் வாளியைக் கழுவினார்.

"வியாழக்கெழம வேன்ல ஏத்தி அனுப்பிட்டாங்க மேடம். உங்களுக்குச் சொல்லலியா?"

உரிமையாளர் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

"முதுகு நல்லாயிடுச்சுல்ல. புண்ணோட யாரும் வாங்க மாட்டாங்க. இப்ப நல்ல எடமா வந்துச்சு, குடுத்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டு? நீங்க குவார்ட்டர்ஸ் மாடில எங்க மதாம் கட்டுவீங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. காப்பியைத் தொடாமல் எழுந்தேன். என் சேணத்தை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் தோழி கைப்பேசியை நீட்டினாள். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"ஏய், நீ ஃபேமஸ் ஆயிட்ட! எங்க அத்த ஊர்ல இருந்து அனுப்பியிருக்காங்க."

அந்த வீடியோதான். இரண்டு சுற்று, பிறகு இறங்குவது, கைத்தடி, நான் நொண்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்குவது. கீழே எழுதியிருந்தது: 'விற்பனைக்கு. மிகவும் சாதுவான குதிரை. கால் ஊனமான பெண்கூட ஓட்டலாம்.'

நான் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பென்சில் சீவப் போனேன். அன்றைக்கு எல்லாப் பென்சிலையும் சீவினேன்.

வாங்கியவர் நோணாங்குப்பத்தில், படகுத் துறைக்குக் கொஞ்சம் தள்ளி, தென்னந்தோப்பில் குதிரை வைத்துக் கல்யாண ஜோடிகளுக்குப் படம் எடுக்க விடுகிறார் என்று குதிரைக்காரர்தான் போனில் சொன்னார். சேணத்தைக் கட்டிக்கொண்டு போனேன். கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன்.

செவலை தென்னைமரத்தில் கட்டியிருந்தது. நெற்றியில் ஜிகினா, கழுத்தில் மணி. முதுகில் சிவப்பு வெல்வெட் சேணம், அதன் கீழே மடித்த சாக்கு. முப்பது வயது இருக்கும் ஓர் ஆள் ஓடிவந்தார்.

"அக்கா, அந்த வீடியோல வந்தது நீங்கதான! அதப் பாத்துட்டுதான் வாங்குனேன்."

"இந்த சேணம் அதுக்குன்னே தச்சது. சும்மாவே தர்றேன். இத போடுங்க."

அவர் தோலைத் தடவிப் பார்த்தார். "நல்லாதான் இருக்கு. ஆனா மொட்டையா இருக்கே அக்கா. கல்யாணப் பொண்ணு ஏறுறப்ப கலரா வேணும்ல? போட்டோல இது எடுக்காது."

"முதுகு புண்ணாயிடும்."

"காலைல கட்டி சாயந்தரம் அவுத்துடுறோம்க்கா. ஓட்டமே கெடயாது, சும்மா நிக்கிறதுதான்."

நான் சாக்குக்கு அடியில் கையை விட்டேன். தோளுக்குப் பின்னால், வெள்ளை முடி இருந்த இடத்தில், பிசுபிசுவென்று இருந்தது. செவலை காதை மடித்தது. அது என்னைத் தெரிந்துகொண்டதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டதாக எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது வாலை அடித்து ஈயைத்தான் ஓட்டியது.

"வந்ததுக்கு ஒரு ரவுண்டு ஏறுங்கக்கா," என்றார் அவர், கைப்பேசியை எடுத்துக்கொண்டே. "நான் வீடியோ எடுத்துக்குறேன். ஸ்டேட்டஸ்ல போட்டா கூட்டம் வரும்."

நான் அவரைத் திட்டினேன். வாழ்க்கையில் யாரையும் அப்படித் திட்டியதில்லை. அவர் திகைத்துப் போய், "இன்னாக்கா நான் தப்பா கேட்டுட்டேன்?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. சேணத்தை மறுபடி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வசவு முழுவதும் லாயத்துக்காரருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. அவர் முன்னால் நான் காப்பியைக் குடிக்காமல் வந்ததோடு சரி.

போன மாதம் லாயத்துக்காரரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. புதிதாக ஒரு குதிரை வந்திருக்கிறதாம், நல்ல அகலமான முதுகாம், என் செல் அதற்குச் சரியாக இருக்கும் என்று நினைக்கிறாராம். ஒரு நாள் வந்து பாருங்கள் மதாம்.

பதில் எழுதவில்லை. அந்தக் குதிரையின் முதுகு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.