திரும்பி வராத தூக்குவாளிகள்

முல்லைவனம் நகரில் மளிகைக்கடை வைப்பவனுக்கு மூளையே இல்லை என்று சொல்வேன். சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, அங்கே கடை வைத்திருப்பவன் நான்தான். பெயர் வீரமலை. பொன்மலை தாண்டி, தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் நகர். அழகழகான வீடுகள். எல்லா வீட்டுக்கும் கேட், எல்லா கேட்டுக்கும் பூட்டு. காலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்கள் பைக்கை முறுக்கிக்கொண்டு கிளம்புவார்கள். தஞ்சாவூரில் வேலை பார்ப்பவர்கள் தலையைக்கூடச் சரியாக வாராமல் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். மீதிப் பேர் பஸ்ஸுக்கு. அதன்பிறகு பொழுது சாய்கிற வரைக்கும் நானும் இரண்டு நாய்களும்தான். எங்கோ ஒரு மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும். நிறுத்த ஆள் இருக்காது.

மாதச் சாமான் முழுக்க டவுனில் ஏசி போட்ட பெரிய கடையில் வாங்கிவிடுவார்கள். மறந்துபோன மல்லித்தழைக்கும் தீப்பெட்டிக்கும் மட்டும் நான் வேண்டும். எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் போன வருஷம் தஸ்லிமா குடிவந்தது. கடைக்கு எதிர்வரிசையில் மூலை வீடு. வீட்டுக்காரர் ஜமீல் குவைத்தில் இருக்கிறார். பாலக்கரைச் சந்தில் கூட்டுக்குடும்பமாக இருந்தது போதும், பெண்டாட்டி பிள்ளை காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. மகள் சம்ரீன் எட்டாவது படிக்கிறாள். வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனதும் அந்தப் பெரிய வீட்டில் தஸ்லிமா ஒற்றை ஆள்.

அது கடைக்கு வருகிற அழகைச் சொல்ல வேண்டும். முதலில் வந்து கறிவேப்பிலை வாங்கும். அரை மணி கழித்துப் பச்சை மிளகாய். அப்புறம் வந்து ஒரு சோடா உப்பு. "ஏம்மா, எல்லாத்தையும் ஒரே தடவையா வாங்கிட்டுப் போனா கால் தேயாதுல்ல?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"தேயட்டும்ண்ணே. வீட்டுல உக்காந்து சுவத்தையா பார்த்துட்டு இருக்கச் சொல்றீங்க?" என்றது. "எங்க பாலக்கரையில ஜன்னலத் தொறந்து 'என்ன கொழம்பு'ன்னு கேட்டா நாலு வீட்லேர்ந்து பதில் வரும். இங்க நான் இருமினா எனக்கே எதிரொலி கேக்குது."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்கார் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் மாதம் பெருநாள் வந்தது. தஸ்லிமா விடிவதற்கு முன்னாலேயே எழுந்து பிரியாணிக்கு அடுப்பு மூட்டிவிட்டது. அன்றைக்கு எங்கள் தெரு முழுக்க நெய் வாசனை. கல்யாணச் சீரில் வந்த, பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்குவாளிகளை எடுத்து நிரப்பி, வரிசையில் நாலு வீட்டுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தது. ஐந்தாவது வீட்டு ரங்கநாயகி ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர், சுத்த சைவம். அதனால் அவருக்கு மட்டும் ஒரு புதுச் சம்படம் வாங்கி, குவைத் பேரீச்சம்பழத்தைப் போட்டுக் கொடுத்தது. எனக்கும் வந்தது. நான் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடையைச் சாத்திப் படுத்தவன், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தேன். மறுநாளே பாத்திரத்தைக் கழுவி, கடையிலிருந்து ஒரு பிடி கல்கண்டு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் போய் மே வந்தது. சம்ரீன் லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மத்தியானம் வெயிலில் வந்து தஸ்லிமா ஸ்டூலில் உட்கார்ந்தது. எதுவும் வாங்கவில்லை.

"அண்ணே, வீட்ட வாடகைக்கு விடணும். நல்ல ஆளா பார்த்துச் சொல்லுங்க. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நாங்க பாலக்கரைக்கே போயிடறோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜமீல் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"உன் இஷ்டம்னுட்டாங்க. குரல் செத்துப்போச்சு. எத்தனை வருஷம் அங்க கெடந்து வெந்து கட்டுன வீடு." கண்ணைத் துடைத்துக்கொண்டது. "நான் என்னண்ணே பண்றது? ரெண்டு மாசம் ஆகப்போகுது. ஒரு வீட்லேர்ந்தும் பாத்திரம் திரும்பி வரல. சாப்பிட்டாங்களா, நாய்க்குப் போட்டாங்களா தெரியல. நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை? பாத்திரத்தக் குடுக்க வந்தா எங்கிட்டப் பேசவேண்டி வரும்னு ஒதுங்குறாங்க போல."

"கேட்டு வாங்கிட்டா என்ன?"

"குடுத்ததுக்குக் கணக்குப் பார்க்கிற மாதிரி ஆயிடாது? நான் கேக்க மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி வாய்விட்டுப் பேச ஆளில்லாமல் ஊரைவிட்டுப் போகிறது, இவர்களுக்கு ஒரு பாத்திரம் திருப்பித் தர முடியவில்லை. அன்று சாயங்காலம் மகாலட்சுமி கடைக்கு வந்தாள். தஸ்லிமாவுக்கு அடுத்த வீடு, தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், முப்பது வயசுகூட இருக்காது. அரைக் கிலோ ரவை கேட்டாள். நான் ரவையை எடுக்காமல் தூக்குவாளியைப் பற்றிக் கேட்டேன், நல்லபடியாகக் கேட்கவில்லை.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அதுக்குத்தாண்ணே ரவையே. வெறும் பாத்திரத்த எப்படிண்ணே குடுக்கறது? ஏதாச்சும் செஞ்சு போட்டுத்தான குடுக்கணும். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கேசரி கிண்டணும்னு நெனைக்கறேன். ஞாயித்துக்கெழமையும் டூட்டி போட்டுடறாங்க. அந்தத் தூக்குவாளியப் பார்க்கறப்பல்லாம் குத்துது. அக்கா எதிர்ல வந்தா என்ன சொல்றதுன்னு தெரியாம போனைப் பார்த்துட்டே போயிடறேன்."

அடக் கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ரங்கநாயகி வந்தார். கலெக்டர் ஆபீஸில் வேலை. அவரிடமும் கேட்டேன்.

"சம்படம் அலமாரியிலேயே இருக்கு, வீரமலை. பெருமாளுக்கு அக்காரவடிசல் பண்ணி, அதுல நிறையப் போட்டுக் குடுக்கணும்னு எடுத்து வெச்சேன். ஆபீஸ்லேர்ந்து வந்தா இடுப்பு ஒடிஞ்சு போறது. அவ எவ்வளவு யோசிச்சு எனக்குன்னு புதுசா வாங்கித் தந்திருக்கா, நான் மொட்டையா திருப்பிக் குடுத்தா நன்னாவா இருக்கும்?"

இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? மரியாதை செய்ய வேண்டும், மரியாதை செய்ய வேண்டும் என்று ஒத்திப்போட்டே ஒருத்தியை அழவைத்துவிட்டார்கள். மறுநாள் தஸ்லிமாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அது நம்பவில்லை. "எனக்காக மழுப்புறீங்கண்ணே. ரெண்டு மாசத்துல ஒரு கேசரி கிண்டக்கூடவா நேரம் கெடைக்காது? சனிக்கிழமை சாயங்காலம் பார்ட்டிய வரச்சொல்லிருங்க. அட்வான்ஸ் வாங்கிடறேன்."

வாடகைக்கு வரும் அந்தப் பார்ட்டியை, தஸ்லிமா கேட்ட அன்றைக்கே போனில் நான்தான் பிடித்திருந்தேன். திருவெறும்பூர் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம். வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஐந்து வீட்டு கேட்டையும் தட்டினேன். நாளைக்குச் சாயங்காலத்தோடு தஸ்லிமா போகிற கதை முடிந்துவிடும் என்று சொன்னேன். கேசரியும் வேண்டாம் அக்காரவடிசலும் வேண்டாம், என் கடையில் சர்க்கரை இருக்கிறது, ஆளுக்கொரு பிடி போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன்.

"பிரியாணிக்குச் சர்க்கரையாண்ணே?" என்றாள் மகாலட்சுமி, ராத்திரி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே.

"ஆமா, சர்க்கரைதான். அதுவும் முடியலைன்னா வெறும் பாத்திரத்தோட வெறுமன போய் நில்லு" என்று கத்திவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பார்ட்டி வரும் நேரம் பார்த்து நான் தஸ்லிமா வீட்டு வாசலில் நின்றிருந்தேன். முதலில் ரங்கநாயகி சம்படத்தோடு வந்தார். பின்னாலேயே மற்ற வீட்டுப் பெண்களும் தூக்குவாளியோடு வந்தார்கள். கடைசியாக மகாலட்சுமி, யூனிஃபாரம்கூட மாற்றாமல். ஐந்து பாத்திரத்திலும் என் கடைச் சர்க்கரைதான். கேட்டுக்கு வெளியே, தப்புப் பண்ணிய பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

தஸ்லிமா ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தது. முகம் இளகவில்லை. "கடைக்காரண்ணன் சொல்லிக் கொண்டாந்தீங்களா?" என்றது.

"ஆமாக்கா" என்றாள் மகாலட்சுமி. "அவர் சொல்லலைன்னா இன்னும் கேசரி கிண்டிட்டே இருந்திருப்பேன், மனசுக்குள்ள."

"சரி, உள்ள வாங்க. டீ போடறேன்" என்றது தஸ்லிமா. மரியாதைக்குச் சொன்னதுதான். இருந்தாலும் எல்லோரும் உள்ளே போனார்கள். இத்தனை மாதத்தில் அந்த வீட்டுக்குள் அவர்கள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஜமீல் குவைத்திலிருந்து அனுப்பிய பெரிய சோபாவில் மகாலட்சுமி ஓரமாக உட்கார்ந்தாள். மேலே ஃபேன் சுற்றியது. நான் ரங்கநாயகியிடம் அந்தப் பார்ட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தஸ்லிமா டீத் தட்டோடு வந்தபோது மகாலட்சுமி தூங்கிப்போயிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கைப்பை மடியிலேயே இருக்க, அடித்துப் போட்டது போன்ற தூக்கம்.

"நேத்து ராத்திரியும் டூட்டி பார்த்திருக்கா, இன்னிக்குப் பகலும் பார்த்திருக்கா" என்றார் ரங்கநாயகி மெதுவாக. "தூக்குவாளியையும் டூட்டிக்கே எடுத்துண்டு போயிட்டு, ஸ்டேஷன்லேர்ந்து நேரே இங்கதான் வரா. ஆத்துக்குக்கூடப் போகலை."

தஸ்லிமா தட்டைக் கையில் வைத்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்படியே கண் நிறைந்து வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையை மெல்ல எடுத்து ஓரமாக வைத்தது. ஒரு தலையணையைக் கொண்டுவந்து கழுத்துக்கு அண்டக் கொடுத்தது. மகாலட்சுமி அசையவே இல்லை.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பார்ட்டிதான். மெயின் ரோட்டில் நிற்கிறார்களாம், எந்தப் பக்கம் திரும்புவது என்று கேட்டார்கள். "ஹலோ, நேரா வாங்க" என்று நான் வழக்கம்போல் தொண்டையைத் திறந்தேன்.

தஸ்லிமா ஓடிவந்து என் கையைப் பிடித்தது.

"வீடு காலியில்லன்னு சொல்லிருங்கண்ணே. மெதுவா சொல்லுங்க, புள்ள தூங்குது."