ஒத்துப்போனதால் வந்த வினை

குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது. அவளுக்கு வாய்த்திருந்தது. புதிதாக வரும் செயலிகளைத் திறந்து பார்த்து, ஜனங்கள் எங்கே தடுமாறுவார்கள், எந்தப் பொத்தானைத் தேடித் தவிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வது அவள் உத்தியோகம். அலுவலகத்தில் அவளுக்கு ‘நொட்டையக்கா’ என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

வீட்டுக்காரருக்கும் அதே அலுவலகம், அதே வேலை. சில தம்பதிகள் சேர்ந்து பாட்டுக் கேட்பார்கள். இவர்கள் சேர்ந்து குறை சொல்வார்கள். லிஃப்டில் எந்தப் பொத்தான் இடம் மாறியிருக்கிறது, மருந்து அட்டையில் எழுத்து ஏன் இவ்வளவு பொடி என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையில் அலசப்படும். இப்படியே பேசிப் பேசி இருவருக்கும் கண்ணும் ஒன்று, வாயும் ஒன்று என்று ஆகிவிட்டது.

மேலாளர் அந்த மென்பொருளை வாங்கும்வரை இதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நிபுணர்களுக்கு ஒத்தாசை செய்யவென்றே வந்த கருவி அது. ஐந்து நிபுணர்கள் தனித்தனியாக எழுதும் குறைகளை அதுவே சேர்த்து அறிக்கையாக்கும். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரோடொருவர் பேசக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பழைய விதி, நியாயமான விதியும்கூட. கருவி அதற்கும் ஒருபடி மேலே போனது. யார் எழுதியது யாரோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்த்துச் சிவப்புக் கொடி காட்டியது. சிவப்பு விழுந்தவர்கள் கூட்டுக் களவாணிகள். அவர்கள் சொல்லுக்குப் பாதி மதிப்புத்தான்.

முதல் அறிக்கையிலேயே புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சிவப்பு.

“வீட்ல பேசி வச்சிட்டு எழுதறீங்களா மேடம்?” என்று மேலாளர் கேட்டார்.

“வாயே தொறக்கல சார். உப்பு வேணும்னாகூட சைகைலதான் கேட்டாரு.”

“அப்ப கருவி பொய் சொல்லுதா?” காசு கொடுத்து வாங்கியவர் அல்லவா, அப்படித்தான் கேட்பார். “குழுத் தலைவர் பதவிய உங்களுக்குத்தான் வச்சிருக்கேன். இன்னொரு சிவப்பு விழுந்தா என் கையில ஒண்ணும் இல்ல.”

அந்தப் பதவிக்கு அவள் ஆசைப்பட்டாள். மறைத்துப் பேசுவானேன், ரொம்பவே ஆசைப்பட்டாள். தனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ஏறிப் போனதை நின்று பார்த்தவள்.

அடுத்து வந்தது ஆம்புலன்ஸ் கூப்பிடும் செயலி. பெரிய சிவப்புப் பொத்தான், கண்ணை மூடிக்கொண்டு தொடலாம். பரவாயில்லையே என்று தொட்டாள். ஒன்பது படங்கள் வந்து நின்றன. ‘நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தொடவும்.’ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே கிடப்பவன் முதலில் இந்தப் பரீட்சையில் தேற வேண்டும்.

ஆத்திரத்தோடு எழுதப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். இது வீட்டுக்காரர் கண்ணில் படாமல் போகுமா? முதல் குறையாக இதைத்தான் எழுதியிருப்பார். தானும் எழுதினால் சிவப்பு. அவர் எழுதியிருப்பதே போதும் என்று முடிவு கட்டி, அவள் செயலியின் எழுத்து அளவையும் ஓரத்து நிறத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாள்.

கருவி பச்சை காட்டியது. மேலாளர் எல்லோரையும் கூட்டி அறிக்கையை வாசித்தார். அவள் படங்களுக்காகக் காத்திருந்தாள். கடைசிப் பக்கமும் முடிந்தது. படங்கள் வரவில்லை. மற்ற மூவரும் தினசரி அந்த மாதிரிப் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பழகியவர்கள். அவர்களுக்கு அது குறையாகவே தோன்றவில்லை.

வராந்தாவில் வீட்டுக்காரரை மடக்கினாள். “நீங்க எழுதலையா?”

“நீ எழுதியிருப்பேன்னு விட்டுட்டேன். உன் பதவி கெட்டுடக் கூடாதேன்னு.”

“அடப் பாவி மனுஷா!” கோபமும் வந்தது, பாசமும் வந்தது; எதை முதலில் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பதவி அவளுடையது. நேரே மேலாளர் அறைக்குப் போனாள். “ஒரு குறை விட்டுப்போச்சு சார். அறிக்கையத் திரும்பத் தொறக்கணும்.”

“பச்சை வந்தத யாராச்சும் தொறப்பாங்களா?”

“யாராச்சும் செத்துடுவாங்க சார்.”

மேலாளர் பெருமூச்சு விட்டுத் திறந்துகொடுத்தார். ஒருவர் மட்டும் எழுதினால் ‘தனிநபர் கருத்து’ என்று கருவி அதைப் பின்னால் தள்ளிவிடும். ஆகவே இருவரும் எழுதினார்கள். சிவப்பு விழுந்தது. குறையின் தீவிரம் பாதியானது. பதவி, இதுவரை யாரோடும் ஒத்துப்போகாத ஒரு நிபுணருக்குப் போனது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாளில் திருத்திய செயலி சோதனைக்கு வந்தது. பாதித் தீவிரத்துக்கு ஏற்ற பாதி மருந்து: ஒன்பது படங்கள் நான்காகக் குறைந்திருந்தன.

“பாத்தீங்களா மேடம்?” என்றார் மேலாளர். “கருவி இல்லன்னா இந்த முன்னேற்றம் வந்திருக்குமா?”

அவள் சிவப்புப் பொத்தானைத் தொட்டாள். ஒரு படத்தில் சிக்னலின் கம்பம் மட்டும் தெரிந்தது, விளக்கு இல்லை. சேர்ப்பதா விடுவதா என்று யோசித்துவிட்டு அதையும் தொட்டாள். ‘தவறு. மீண்டும் முயலவும்’ என்றது செயலி.

பக்கத்து மேசையிலிருந்து வீட்டுக்காரர் தன் கைப்பேசியை உயர்த்திக் காட்டினார்.

“நானும் அந்தக் கம்பத்தத்தான் தொட்டேன்,” என்றார்.